அங்கணத்துச் சிவப்பு வெளிச்சம்

பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டு அங்கணம் பகலெல்லாம் பாத்திரம் தேய்க்கிற இடம். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்துவிட்டால் அதுதான் இருட்டறை. ஜன்னலில் கறுப்புக் கம்பளியை ஆணியில் மாட்டி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, பெரியப்பா சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பைப் போடுவார். புளிபோட்டுத் தேய்த்த பித்தளை வாசனையும், தட்டிலிருந்து எழும்பும் அசிட்டிக் அமில நெடியும், பெரியப்பாவின் வெற்றிலை மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது வினிகர் பாட்டிலைத் திறந்தால் எனக்கு அந்த அங்கணம்தான்.

படம் கழுவுகிற மருந்தைப் பகலிலேயே கலந்து வைத்துவிடுவார். ஆசாரி வீட்டுத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு. லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சோடியம் சல்பைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, அப்புறம் சோடியம் கார்பனேட்டு, கடைசியில் துளிபோல பொட்டாசியம் புரோமைடு. மெட்டால்தான் முதலில் போக வேண்டும். சல்பைட் முந்திக்கொண்டால் மெட்டால் சரியாகக் கரையாது. பந்தியில் பெரியவர்களுக்கு முதல் இலை போடுகிற மாதிரி இதுவும் ஒரு மரியாதை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வெயில் காலத்தில் மருந்து சூடேறிவிடும். அதை 20 டிகிரிக்கு இறக்க ஐஸ் கட்டி வாங்கி வருவதும் என் வேலை, துண்டில் சுற்றி, பாதி கரைவதற்குள் ஓட்டமாக ஓடி வர வேண்டும்.

பேப்பர், ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த இந்து பேப்பர். யாஷிகா கேமராவில் 12 படம் எடுத்தால் பெரியப்பா பெரிதாக்குவது ஒன்றோ இரண்டோதான். ஒரு சனிக்கிழமை ஆச்சி படம். கதவுக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருப்பாள், பாம்படம் கழற்றிய காது தோள்வரை தொங்கும். முகத்துக்கு 10 விநாடி வெளிச்சம் போதும், ஆனால் சேலை வெறும் வெள்ளையாகப் போய்விடும். அதனால் ஓட்டை போட்ட அட்டையைப் பிடித்து, சேலைக்கு மட்டும் இன்னும் 6 விநாடி. அட்டையின் விளிம்பு படத்தில் கோடாக விழாமலிருக்கக் கையை ஆட்டிக்கொண்டே இருப்பார், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி.

தட்டில் போட்டதும் நான் எண்ணத் தொடங்குவேன், 120 வரை. முதலில் கதவின் இருட்டு வரும், கூடவே ஆச்சியின் காது ஓட்டை வழியாகத் தெரிகிற இருட்டும். முகமே இல்லாத காகிதத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. அப்புறம் கண், சுருக்கம், கடைசியாகச் சேலை மடிப்பு. முகம் வந்ததுமே என் கை இடுக்கியைத் தேடும்.

“ஏலே, எண்ணி முடி. இப்ப எடுத்தா கறுப்பெல்லாம் சாம்பலாப் போயிரும்.”

“ஆச்சி வந்துட்டாளே, பெரியப்பா?”

“சேலை இன்னும் வரலல்லா.”

உருவத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலில் கிடந்த படத்தை ஒரு மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். அதன் பிறகும் பெரியப்பாவுக்கு நம்பிக்கை வராது. கிணற்றுக்குப் போடுகிற பெர்மாங்கனேட்டைக் கண்ணாடித் தம்ளரில் இளஞ்சிவப்பாகக் கரைத்து, படத்திலிருந்து நாலு சொட்டு விழ விடுவார். சிவப்பு வெளிறினால் ஹைப்போ இன்னும் இருக்கிறது, மறுபடியும் தொட்டி. அலசி முடிந்த படத்தை, பவுடர் போட்டுத் துடைத்த கண்ணாடியில் ஒட்டி உருளையால் தேய்த்துவிட்டுப் படுப்போம். விடிகாலையில் காபி வாசனைக்கு நடுவே பட்டாசலில் ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கும்: காய்ந்த படம், கண்ணாடியின் பளபளப்போடு தானாகக் கழன்று விழும் சத்தம்.

அன்றைக்கு இரண்டு பிரதி. ஒன்று எனக்கு. ஊருக்குப் போகிற பஸ்ஸை நினைத்து, பெரியப்பா அந்தப் பக்கம் போன நேரத்தில் என் படத்தைப் பாதி அலசலிலேயே எடுத்துக்கொண்டேன்.

இரண்டும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. என்னுடையதில் ஓரத்திலிருந்து பழுப்பு ஏறி, ஆச்சியின் மடிவரை வந்துவிட்டது. பெரியப்பா அலசியதில் சேலை மடிப்பை இன்றும் எண்ணலாம். ஏழு.