நகரத்துக்கும் ஒரு வரப்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

வயலுக்கு வரப்பு உண்டு. ஏரிக்குக் கரை உண்டு. நகரத்துக்கு மட்டும் எல்லை வேண்டாமா? சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்க 2022இல் அரசு ஆணையிட்டது. ஏறத்தாழ ஐந்து மடங்கு!

இக்கவலை புதியதன்று. 1898இல் எபனேசர் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் தோட்ட நகரம் ஒன்றைத் தாளில் வரைந்தார். நகருக்குள் 30,000 மக்கள் வாழ 1,000 ஏக்கர். சுற்றிலும் 5,000 ஏக்கர் விளைநிலம். ஊர் நிறைந்துவிட்டால் விளைநிலத்தை அழிக்காமல் வேறிடத்தில் புது ஊர் காண வேண்டும் என்பது அவர் கருத்து.

அத்தகைய திட்டம் ஒன்று எங்கள் இடையஞ்சாவடியிலேயே இருக்கிறது. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில், 50,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்டது. நடுவே 1.25 கிலோமீட்டர் ஆரமுள்ள நகரம். சுற்றிலும் அதே அகலத்தில் பசுமை வளையம். கணித மாணவன் கணக்குப் போடாமல் விடுவானா? ஆரம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆக, நகரம் ஒரு பங்கு. பசுமை மூன்று பங்கு! மழை அரித்துப் போட்ட செம்மண் இன்று காடாக நிற்கிறது.

ஆனால் ஆரோவிலில் இன்று வாழ்வோர் மூவாயிரத்துச் சொச்சம் பேரே. நெருக்கடி உள்ளிருந்து வரவில்லை. புதுச்சேரிப் பக்கமிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்தும் மனைக்கற்களாக வருகிறது.

அந்த வட்டத்துக்குள்தான் எங்கள் ஊரும், ஊராரின் பட்டா நிலங்களும் இருக்கின்றன. மணிலா போடும் ஒன்றரை ஏக்கரே எங்கள் குடும்பச் சொத்து. வளையத்தின் பெருமையை அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நகரம் பரவக் கூடாதுன்னா சரிதான்டா. உங்க அண்ணன் எங்க வூடு கட்டுவான்?" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் போகாத அப்பாவின் அந்தக் கேள்விக்குத் திட்ட வரைபடம் விடை சொல்ல வேண்டும் என்றே கருதுகிறேன். வளையத்தால் நிழலும் நீரும் நகரத்துக்குக் கிடைக்கின்றன. மனையாக விற்றால் வரும் பணத்தை இழப்பவரோ உழவர். ஆகவே, பெருகும் குடும்பங்களுக்கு ஊர் நத்தத்தை ஒட்டி இடம் ஒதுக்க வேண்டும். விளைந்ததற்குக் கட்டுப்படியான விலை வேண்டும். கோடு போடும் கூட்டத்தில் ஊராருக்கும் நாற்காலி வேண்டும்.

நண்பர்களே, நகரத்துக்கு வரப்பு வேண்டும், ஐயமில்லை. ஆனால் வரப்பைக் காப்பவர் அதன் ஓரத்தில் உழுகிறவரே. அவரை வறுமையில் விட்டுவிட்டு எந்த வளையமும் நிலைக்காது.