அடிமரம்

சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டி, பாலாறு கடலில் சேரும் வயலூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணுக்கு முன்னால் எனக்குக் காதுதான் விழித்துக்கொள்கிறது. காய்ந்த பனையோலை காற்றில் மட்டையோடு உரசும் அந்தச் சத்தத்தைத் தேடுகிறேன். மனைக்கல் நட்ட வெறும் மணலில் காற்று மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் பனை வெட்டுவதென்றால் ஒரு மாதத்துப் பேச்சு. சின்ன அத்தையின் கல்யாணத்துக்கு முன் கூரையைப் பிரித்து நாட்டு ஓடு வேய முடிவானபோது எனக்கு ஒன்பது வயது. கூரையைத் தாங்கும் கைமரத்துக்கு மூன்று பனை வேண்டும் என்றார் தச்சர். தாத்தா கொல்லைப் பனைகளை ஒவ்வொன்றாகக் கோடாரியின் முதுகால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "இது இன்னும் சோறுடா" என்று நகர்ந்துவிடுவார். பனையின் நடுப்பகுதி பஞ்சுபோல மெத்தென்று இருக்கும், அதுதான் சோறு. மரத்தின் வலிமையெல்லாம் வெளிவட்டத்தில், கறுப்பு நார் இறுகிய வைரத்தில் இருக்கிறது. வயதான மரத்தில்தான் வைரம் பாயும். அதிலும் அடிமரத்தில்தான் அது தடித்து இறுகியிருக்கும். மேலே போகப்போக மெலிந்துவிடும்.

அதனால்தான் தாத்தா தரைக்கு மேலே கோடாரி வைக்க விடமாட்டார். தூரைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, வேர்க்கட்டு தெரிந்த இடத்தில் வெட்டச் சொல்வார். அதற்கு முன்பே ஒருவர் ஏறி மட்டைகளையெல்லாம் கழித்து, உச்சியில் வடக்கயிறு கட்டியிருப்பார். விழப்போகும் திக்கில் வைக்கோலும் ஓலையும் பரப்பியிருக்கும். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட, மரம் சாய்ந்து வந்து அந்த மெத்தையில் படுக்கும். நான் கை தட்டினேன். தாத்தா திரும்பிப் பார்த்தார். "மரம் வுழக்கூடாதுடா. எறங்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு ஆப்பு. நுனியிலிருந்து அடிவரை வரிசையாக ஆப்பு இறக்கிப் பிளப்பார்கள். உள்ளே ஈரமான, லேசாகத் தித்திக்கிற வாசனை. சோற்றை வாச்சியால் செதுக்கித் தள்ளி, கறுப்பும் வெள்ளையும் கோடு கோடாக ஓடும் சட்டங்களை ஏரித்தண்ணீரில் ஊறப்போட்டார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தபோது சேற்றின் நாற்றம் அடித்தது. அப்படி ஊறியதைப் பூச்சி தொடாது என்பார் தாத்தா. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பந்தலைவிடக் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் முன் நிற்கும்போது எனக்கு அந்தக் கூரை ஞாபகம் வரும். ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்தவன் ஓலைக்குடிசையைத்தானே பார்த்துச் செதுக்கியிருக்கிறான்! மூலைகளில் வளைந்து இறங்கும் அந்தக் கூரைக்கு அளவு கொடுத்த நிஜக் குடிசை எதுவும் மிஞ்சவில்லை. அதன் கைமரங்களும் பனையாகத்தான் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். வீடுகள் காங்கிரீட் ஆயின. நுங்குக்கு மட்டும் நின்ற பனைகளைச் செங்கல் சூளைக்காரர்கள் விலை பேசினார்கள். வரப்பில் நின்றதற்குப் போன விலையை இங்கே எழுதக் கை வரவில்லை.

சூளைக்குப் போன முதல் மரங்களைக்கூட ஆட்கள்தான் வெட்டினார்கள். பிறகு ஜேசிபி வந்தது. அதன் வேலையை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்து மண்ணை அள்ளி வேரை அறுக்கும். பனைக்கு ஆணிவேர் கிடையாது, கயிறு கயிறாக ஆயிரக்கணக்கான வேர்தான். ஒரு பக்கம் அறுந்தால் பிடி போச்சு. மறுபக்கத்திலிருந்து வாளியைக் கொடுத்து ஒரே தள்ளு. மட்டையும் குலையுமாகத் தலைக்கனத்தோடு மரம் மடாரென்று விழும். விழுந்த வேகத்தில் நடுவில் நார் நாராகக் கிழியும். வாளியின் பல் கடித்த இடம் தூர். தாத்தா மண்ணைப் பறித்து மிச்சம் பிடித்த அந்த அடிமரம்தான் நசுங்கிச் சிதறிக் கிடக்கும். தச்சருக்கு அதில் ஒரு கைமரம்கூடத் தேறாது. எரிக்கப் போகிறவனுக்கு அது ஒரு குறையில்லை.

பக்கத்து மரத்துக்கு நேர்வது அதைவிடக் கொடுமை. இயந்திரம் திரும்பும்போது வாளி உரசும், சக்கரம் வேரின் மேல் ஏறும். வேம்பிலோ புளியிலோ காயம் பட்டால் சில ஆண்டுகளில் விளிம்பு உருண்டு வந்து மூடிக்கொள்ளும். பட்டைக்கு அடியில் அவற்றுக்கு வளரும் படலம் ஒன்று உண்டு. பனை புல்லினத்துக்கு நெருங்கிய உறவு, அதற்கு அந்தப் படலம் இல்லை. ஒரு முறை பட்ட காயம் ஆயுள் முழுக்கத் திறந்தே கிடக்கும். மழைநீர் இறங்கும், கூன்வண்டு முட்டையிடும். ஓரிரு வருடம் கழித்து மரம் மொட்டையாகும்போது, எதனால் என்று யாருக்கும் நினைவிருக்காது.

2021 ஆகஸ்ட் 14 அன்று, தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். 76 லட்சம் பனங்கொட்டைகள் வழங்குவதாகவும் சொன்னார்கள். கேட்டு மனசு நிறைந்தது. அன்று ஊன்றிய கொட்டை ஆணா பெண்ணா என்று தெரியவே பதினைந்து வருடமாவது போகும். வைரம் பாய்ந்து கைமரமாக இன்னும் பல பத்தாண்டுகள். அதுவரை நிற்பவை இப்போது நிற்பவைதான். அவற்றில் ஒன்றை அனுமதியோடே வெட்டினாலும் இறக்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இல்லை. கயிறு பிடித்தவர்களில் கடைசி ஆள் போன வருடம் போய்விட்டார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை நாலு வழியாக்குகிறார்கள். அந்த வேலை நடக்கும் பக்கம் போன மாசியில் பேருந்தை விட்டு இறங்கினேன். வெட்டாமல் விட்ட பனை ஒன்று ஓரத்தில் நின்றது. இடுப்பளவில் ஒரு சாண் நீளத்துக்கு வாளி கிழித்த பள்ளம். விரலை விட்டேன், இரண்டாவது கணுவரை போயிற்று. பழுப்புத் தூள் கொட்டியது. மேலே குருத்து இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.