ஒரே சீட்டு, பல எல்லைகள்

கிருஷ்ணன்கோவிலில் தொடர்வண்டி நிலையம் இல்லை. மதுரையிலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த அவ்வூரார் வண்டியேறத் திருவில்லிபுத்தூருக்குத்தான் செல்ல வேண்டும். இத்தகைய ஊரில் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர், ஐரோப்பிய நாடுகள் சிலவற்றைத் தொடர்வண்டியிலேயே சுற்றிவர விரும்புவதாகக் கொள்வோம். பலரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடங்குவர். கடவுச்சீட்டிலிருந்து தொடங்குவதே முறை.

ஐரோப்பாவிற்கு வெளியே வாழ்வோருக்கென 1959இல் 'யூரெயில் பாஸ்' அறிமுகமானது. இன்று அது 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரையிலான இளைஞர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. எனினும் பாஸ் என்பது ஏறுவதற்கான உரிமையே. அமர்வதற்கான இடம் அன்று. பேருந்துப் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டருகே நின்று பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை! பிரான்சு, ஸ்பெயின் நாடுகளின் அதிவிரைவு வண்டிகளில் பாஸ் இருந்தாலும் தனிக்கட்டணம் செலுத்தி இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான பகல் வண்டிகளுக்கு அக்கட்டாயம் இல்லை.

ஒரே சீட்டில் நாடு கடப்பது தமிழர்க்குப் புதிதன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் வாங்கிய சீட்டைக் கொண்டே கொழும்பு வரை செல்ல முடிந்தது. 'போட் மெயில்' பயணிகளைத் தனுஷ்கோடியில் இறக்கிவிடும். கப்பல் அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுசேர்க்கும். அங்கே இலங்கையின் வண்டி காத்திருக்கும். திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அந்நாளில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை, தனுஷ்கோடியும் அம்மாவட்டத்ததே. இவ்வூரார்க்கு அயல்நாட்டின் வாயில் சொந்த மாவட்டத்திற்குள்ளேயே இருந்தது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையும் அதற்குச் சென்ற இருப்புப்பாதையையும் அழித்தது.

அந்தச் சீட்டும் எல்லாரையும் ஒன்றுபோல் கொண்டுசெல்லவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே கப்பலேற்றப்பட்டனர். வசதி படைத்த பயணிக்கு அக்காத்திருப்பு இல்லை. கடல் ஒன்றுதான், கடப்பவர் யார் என்பதே வேறுபாடு.

இன்றைய பாஸிலும் அவ்வேறுபாடு வேறோர் உருவில் தொடர்கிறது. நினைத்த நாளில் நினைத்த ஊருக்குச் செல்லலாம் என்பதே அதன் விளம்பரம். விசா தேவைப்படாத கடவுச்சீட்டு உடையவருக்கு அது பெரும்பாலும் உண்மை. இந்தியக் கடவுச்சீட்டு உடையவரோ ஷெங்கன் விசா பெற, எந்த நாளில் எந்த ஊரில் எங்கே தங்குவார் என்பதை முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். நேரில் சென்று கைரேகையும் பதிக்க வேண்டும். பயணத்திற்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்த அவகாசம் இருத்தல் கூடாது. மிகுதியான நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிப்பது விதி. நாட்கள் சமமாக இருப்பின் முதலில் நுழையும் நாட்டிடம்.

இவ்விதியை மறந்து திட்டமிடுவோர் எளிதில் இடறும் இடம் ஒன்று உண்டு. பாஸ் செல்லும் 33 நாடுகளும் ஷெங்கனைச் சேர்ந்தவை அல்ல. இங்கிலாந்திலும் செர்பியாவிலும் பாஸ் செல்லும். ஷெங்கன் விசா எல்லைக்குள் அவை இல்லை. ஒருமுறை மட்டுமே நுழையத்தக்க விசாவுடன் இலண்டனுக்குச் சென்றவர், பாஸில் நாட்கள் மீதமிருந்தாலும் பாரிசுக்குத் திரும்ப முடியாது. ஆகவே விசா கைக்கு வந்தபின் பாஸ் வாங்குவதே அறிவுடைமை.

இரு வாரங்களில் பத்து நாடுகளைக் காணும் ஆசை முதற்பயணத்திற்கு ஆகாது. சூரிக்கில் நான்கு நாள், வியன்னாவில் ஆறு நாள், புடாபெஸ்டில் நான்கு நாள் என வகுத்துக்கொண்டால் விண்ணப்பம் ஆஸ்திரியாவிற்கு உரியதாகும். ஒரு மாதத்திற்குள் எவையேனும் நான்கு நாட்களில் பயணம் செய்யும் பாஸே இதற்குப் போதும். சூரிக்கிலிருந்து ஆல்ப்ஸ் மலைகளினூடே ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் வியன்னா. அது ஒரு நாள். அங்கிருந்து மூன்று மணிக்கும் குறைவான நேரத்தில் புடாபெஸ்ட். அது மற்றொரு நாள். சூரிக்குக்குத் திரும்ப இரவு வண்டி உண்டு. நள்ளிரவைக் கடந்து ஓடினாலும், நடுவில் வண்டி மாறாதவரை, ஏறிய நாள் மட்டுமே கணக்கில் சேரும். படுக்கைக்குத் தனியே முன்பதிவு வேண்டும்.

நான்காம் நாளை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருக்கலாம். வியன்னா விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, காலையில் வானம் தெளிந்திருந்தால் இரண்டரை மணி நேரத் தொலைவிலுள்ள சால்ஸ்பர்க்குக்கு வண்டியேறி, இரவில் அதே அறைக்குத் திரும்பிவிடலாம். விசாவிற்கு எழுதிக்கொடுத்த நிரலில் ஒரு வரியும் மாறாது.