ஆரணிச் சாலையில் குட்டி யானை: மழைக்கும் பனிக்கும் ஏற்ற டயர் எது?

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை இரண்டு. ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை நெய்யும் தறிகள் ஊருக்குள் மட்டும் இல்லை. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுக் கிராமங்களிலும் ஓடுகின்றன. ஊரைச் சுற்றி நெல்வயல்களும் அரிசி ஆலைகளும்.

பட்டுக்கும் அரிசிக்கும் பொதுவான ஓர் உழைப்பாளி உண்டு. 2005-ல் டாடா ஏஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்து, தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ ஆகிவிட்ட சின்ன சரக்கு வண்டிதான் அது. லாரி நுழைய முடியாத நெசவாளர் தெருவிலும் அது நுழையும். அதைவிடக் கொஞ்சம் பெரிய சுமைக்குப் பிக்கப் வண்டி. இந்த வண்டிகளுக்கு ஆண்டிலேயே சோதனையான காலம் ஐப்பசியில் தொடங்குகிறது.

‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பார்கள். தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. மழை பெய்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். வேலை தடைப்படும், ஆனால் பண்டிகை காத்திருக்காது. முடிந்த புடவைகளை எப்படியாவது கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஜரிகைப் புடவையில் மழைநீர் பட்டுக் கறை விழுந்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீண். ஓட்டுநரின் உயிரும் அதே சாலையில்தான் இருக்கிறது.

பட்டு ஏற்றினால் வண்டி காலி மாதிரி

ஒரு பட்டுப் புடவை ஏறத்தாழ ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். நூறு புடவை ஏற்றினாலும் எடை நூறு கிலோவைத் தாண்டுவது அரிது. அதே வண்டியில் 25 கிலோ சிப்பமாக அரிசி ஏற்றினால், 30 சிப்பத்திலேயே 750 கிலோ ஆகிவிடும். விபத்து என்றதும் அரிசி ஏற்றிய வண்டியைத்தான் நினைப்போம். ஈரச் சாலையில் பட்டு ஏற்றிய வண்டிக்கும் தனி ஆபத்து உண்டு.

இந்த வண்டிகளில் இன்ஜின் முன்பக்கம், இழுப்பதோ பின்சக்கரம். சுமை இல்லாவிட்டால் பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காது. ஈரத்தில் சட்டென்று பிரேக் அடித்தால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வீசும். அரிசியை இறக்கிவிட்டுக் காலியாக ஊர் திரும்பும் வண்டிக்கும் இதே கதிதான்.

கனடாவில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய பிரச்சினை. பனிக்காலம் வந்தால் பின்தட்டில் மணல் மூட்டைகளைப் போட்டு, நகராதபடி கட்டிக்கொண்டு ஓட்டுபவர்கள் அங்கே உண்டு.

பனி என்றால் எந்தப் பனி?

மார்கழி விடியலில் கண்ணை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஓட்டுநருக்கு மட்டும் இரண்டும் வேறு. கொட்டும் பனி டயரைச் சோதிக்கும். மூடுபனி கண்ணைச் சோதிக்கும்.

கொட்டும் பனிக்கென்றே தனி டயர் இருக்கிறது. குளிர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மிருதுவாக இருக்கும். அதன் மேற்பரப்பில் பனியைக் கவ்வுவதற்கு நுணுக்கமான கீறல்களும் இருக்கும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரைதான் அதற்கு அடையாளம். தமிழர்கள் நிறைய வாழும் மாண்ட்ரியல் நகரம் உள்ள கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் கட்டாயம்.

ஆரணிக்கு அது வேண்டாம். மிருதுவான அந்த ரப்பர் நம் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். இங்கே தேவை, தண்ணீரை வேகமாக வெளியேற்றும் டயர். மார்கழி மூடுபனிக்கு டயரைவிட விளக்கும் நிதானமும் முக்கியம். ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே கூசவைக்கும். லோபீம்தான் சரி. சாலையோரம் நெல் காயவைக்கும் ஊர்களில், குவியலுக்கு அணையாக வைத்த கல் கடைசி நொடியில்தான் கண்ணில் படும்.

டயர் வாங்கும்போது

டயரில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்கு அல்ல. சாலைத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. பள்ளம் தேய்ந்தால் டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் நின்று, வண்டி அதன்மேல் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. காற்று குறைவாக இருந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும்.

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது கார், சரக்கு வண்டிகளுக்கான சட்ட வரம்பு. அளக்கக் கருவி வேண்டாம். டயரின் பக்கவாட்டில் ‘டி.டபிள்யூ.ஐ’ என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுவது நல்லது.

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. கடையில் பல வருடம் கிடந்த டயரைப் புதுசு என்று நம்பி வாங்காமலிருக்க இந்த எண் உதவும். சரக்கு வண்டிக்கு, சுமை தாங்கும் ‘எல்டி’ வகை டயர்தான் போட வேண்டும். அளவு பொருந்துகிறதே என்று கார் டயரை மாட்டக் கூடாது. இரண்டு டயர் மட்டும் மாற்றக் கையில் காசு இருந்தால், புதுசைப் பின்னால் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்புண்டு. பின்பக்கம் வீசினால் சமாளிப்பது கடினம்.

தரைப்பாலத்தில் அவசரம் வேண்டாம்

ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையிலிருந்து வருகிறது. ஊரில் தூறல்கூட இல்லாதபோதும், மலையில் பெய்த மழையால் ஆற்றில் தண்ணீர் ஏறலாம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தரைப்பாலங்கள் மூழ்கும். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்ன வண்டியை நகர்த்திவிடும். இரண்டடி இருந்தால் பிக்கப்பையும் இழுத்துச் செல்லும். எந்த டயரும் அங்கே உதவாது. சுற்றுவழிதான் ஒரே வழி.

ஆரணியின் ஈரமண் சக்கரங்களைச் சோதிப்பது புதிதல்ல. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படையும் ராஜா சாகிப்பின் படையும் இங்கே மோதின. நடுவே இருந்த சேற்று நெல்வயல்களில் இறங்க முடியாமல் ராஜா சாகிப்பின் ஆட்கள் தடுமாறினார்கள். வென்றது கிளைவ்.

புடவை எடுக்கச் சொந்தக் காரில் ஆரணிக்கு வருபவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் சாலை மிக மோசமாக வழுக்கும். படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் ஈரமாகிக் குழையும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும்.

நூலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் ஊர் ஆரணி. அந்தக் கை, மழைக்கு முன் ஒருமுறை டயரையும் தொட்டுப் பார்க்கட்டும். ஒரு நல்ல கல்யாணப் புடவையின் விலையில் குட்டி யானைக்கு இரண்டு புது டயர் வந்துவிடும்.