பாமினியில் கிடந்த குறிப்புகள்

சென்ற மாதம் வண்ணாத்திவில்லுவிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். “வாப்பா உங்களுக்குச் சொன்னதெல்லாம் பத்திரமா இருக்கா சேர்?” 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் அவருடைய தந்தையும் ஒருவர். இப்போது அவர் உயிரோடு இல்லை. “இருக்கிறது” என்றேன்.

கோப்பு இருந்தது, தமிழ் இல்லை. பல ஆண்டுக் குறிப்புகளை ஒரே நீண்ட கோப்பாகப் பாமினி எழுத்துருவில் சேர்த்து வைத்திருந்தேன். புதிய செயலியில் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாய் விரிந்தது. பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையே. அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டும். யுனிகோடிலோ 1991 முதல் தமிழுக்குத் தனி இடம் உண்டு.

உருமாற்றியில் இட்டதும் தமிழ் மீண்டது, சில ஊனங்களோடு. ஆங்கில எழுத்துருவில் இட்டிருந்த காற்புள்ளிகள் ‘இ’ ஆயின. சாய்கோடுகள் ‘ஃ’ ஆயின. “வீடுஇ கிணறுஇ தென்னைஇ படகு” என நின்றது அம்முதியவர் இழந்தவற்றின் பட்டியல். நம் உரைநடையில் சொல்லின் ஈற்றில் தனி ‘இ’ வருவதில்லை. ஆகவே ‘இ’யை அடுத்து இடைவெளி வரும் இடங்களை மட்டும் தேடிக் காற்புள்ளியாக்கினேன். இலக்கங்களுக்கு நடுவே நின்ற ‘ஃ’ மீண்டும் சாய்கோடாயிற்று.

பின்னர் ஆளுக்கொரு கோப்பாகப் பிரித்தேன். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, மாதம், நாள், அடுத்து ஊர். அவை தாமாகவே கால வரிசையில் நிற்கின்றன. பழைய கோப்பையும் எழுத்துருவையும் அழிக்கவில்லை. ஐயம் வந்தால் ஒப்பிட வேண்டுமே.

வாப்பாவின் நான்கு பக்கங்களை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினேன். நண்பர்களே, உங்கள் பழைய கோப்புகளை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.