நாரையும் நொய்யலும்

நீர்வண்ண ஓவியர் வெள்ளைக்கெனப் பெரும்பாலும் வண்ணம் குழைப்பதில்லை. தாளின் வெண்மையையே விட்டுவைப்பர். திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளக்கரையில் ஓவியர் ஒருவர் நாரையை அவ்வாறே விட்டு, சூழ்ந்த நீரை மட்டும் தீட்டக் கண்டு வியந்தேன். 2022இல் பறவைகள் சரணாலயமான அக்குளம், 2024இல் ராம்சார் ஈரநிலமும் ஆயிற்று.

அவர் தம் பழைய ஓவியம் ஒன்றைக் காட்டினார். அதில் நொய்யலாறு செந்நிறமாய் ஓடிற்று! சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்ட 2011ஆம் ஆண்டிற்கு முன்னர்த் தீட்டியதாம். ஆற்றைக் கெடுத்த அச்சாயமே எம்மூரார் பலர்க்குச் சோறிட்டது என்பதையும் மறத்தற்கில்லை.

“ஆற்றைச் சற்று அழகுறத் தீட்டியிருக்கலாகாதா, தம்பி?” என வினவினேன்.

“கண்ட நிறத்தைத்தானே ஐயா தீட்ட இயலும்? இங்கே நாரை வருகிறது, ஆதலின் யானும் வருகிறேன்” என்றவர், அது பறந்துபோகுமுன் முடிக்க விரைந்தார்.