கொசு முட்டைக்கு ஒரு கறுப்பு டப்பா

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி நம்மூர்க் கொசு அல்ல. ஆப்பிரிக்காவில் தோன்றி, கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் ஏறி உலகம் சுற்றி வந்தது. திருவண்ணாமலையில் அதற்குக் கோயில் குளமோ சாக்கடையோ வேண்டியதில்லை. ஆட்டுக்கல் குழி, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு இருந்தால் போதும். ஆகவே, ஆய்வகத்துக்கு அதன் முட்டை வேண்டுமென்றால் வீட்டுக்காரர்கள் மனது வைக்க வேண்டும்.

முட்டைப்பொறி எளிய சாதனம். 1960களில் அமெரிக்காவில் ஏடிஸ் ஒழிப்புக்காகப் புழக்கத்துக்கு வந்தது. கறுப்பு டப்பாவில் பாதியளவு தண்ணீர், உட்சுவரில் ஒரு தாள். வைக்கோல் ஊறிய தண்ணீர் என்றால் பெண் கொசு இன்னும் விரும்பி வரும். தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரம் ஏறிய தாளில் ஒவ்வொன்றாக முட்டையிடும்.

டப்பாவை வைக்க இடம் கேட்பதுதான் கடினம்.

"தேங்கின தண்ணியைக் கொட்டுன்னு போன வாரம் சொன்னீங்க. இப்ப நீங்களே ஊத்தி வைக்கறீங்களே தம்பி?"

"அஞ்சாம் நாள் வந்து எடுத்துடுவேன்க்கா."

வாய்ப்பேச்சாகச் சொல்லும் நாள் அல்ல அது. இந்த வெயிலில் முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தவணை தவறினால் ஆய்வுக்கு வைத்த பொறியே கொசுப்பண்ணை. அதனால் கார்த்திகை தீப வாரத்தில் புதுப் பொறி வைக்க அனுபவமுள்ள சேகரிப்பவர் தயங்குவார். மழைக்காலம், கொசு மிகுந்த நேரம்தான். ஆனால் கூட்டத்தில் மாடவீதியைக் கடந்து சொன்ன நாளில் வந்து சேர முடியுமா?

எடுத்த தாளை லென்ஸில் பார்த்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். இடும்போது வெள்ளை, சில மணி நேரத்தில் கறுத்துவிடும். உடனே காயவைத்தால் முட்டை சப்பிப்போகும். இரண்டு நாள் ஈரத்தில் வைத்து, கரு முதிர்ந்த பிறகே நிழலில் உலர்த்த வேண்டும். அப்புறம் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொதித்து ஆறிய நீரில் போட்டால் புழு வெளிவரும். இனம் தெரிய அதை வளர்த்தாக வேண்டும்: முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு என்றால் எஜிப்டி, நடுவே ஒற்றைக்கோடு என்றால் ஆசியாவின் சொந்தக் கொசு அல்போபிக்டஸ்.

இப்படி வளர்த்த கொசுக்களை வைத்துத்தான் எந்தக் கொசு மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று சோதிக்கிறார்கள். கொசு வளர்ப்புக்கு வேறு பயனும் உண்டு. புதுச்சேரியில், 1975இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 2017இல் மோனாஷ் பல்கலைக்கழகத்துடன் கைகோத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வோல்பாக்கியா பாக்டீரியா கொண்ட ஏடிஸ் முட்டைகளை வளர்த்து, உள்ளூர்க் கொசுவோடு கலந்து, இரண்டு வகைகளை உருவாக்கியதாக 2022இல் அறிவித்தது. டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதை வோல்பாக்கியா தடுக்கிறது.

பொறியை எடுக்கும் நாளில், "எங்க வீட்ல ஒண்ணும் விழலியே" என்று சிலர் சங்கடப்படுவார்கள். அந்த வெற்றுத் தாளிலும் வீட்டு எண், தேதி எழுதி உறையில் போடுவார் சேகரிப்பவர். நூறு பொறிகளில் எத்தனையில் முட்டை என்ற கணக்குக்கு அதுவும் வேண்டும்.